கொதித்தாறிய நீரும் கழுவாத கையும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு பேர். கடைக்குட்டிக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கி, மூன்று நாளில் அம்மம்மா வரை படுத்துவிட்டோம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். பிறகு எப்படிப் பரவியது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கிணற்றின்மீது உடனே பழிபோட வேண்டாம். சத்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோ போன்ற வைரசுகள் வீட்டுக்குள் பெரும்பாலும் கை வழியாகவே சுற்றுகின்றன. பிள்ளையின் சத்தியைத் துடைத்த கை சரியாகக் கழுவப்படாமல், குடத்துக்குள் விட்டு நீர் அள்ளும் பேணியைத் தொட்டால், கொதித்தாறிய நீரும் கெட்டுவிடும். கைக்குப் பூசும் கிருமிநீக்கித் திரவம் இவ்வைரசிடம் அவ்வளவாகப் பலிக்காது. ஒருவர் நீர் வார்க்க, சவர்க்காரமிட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வாளிக்குள் கையை அலசுவதை நான் கழுவுதலாகவே கணக்கெடுப்பதில்லை. சத்தி பட்ட நிலத்தைத் துடைத்தெடுத்தபின், 5 சதவீதக் குளோரின் திரவத்தில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீரில் கலந்து ஊற்றி, 5 நிமிடமாவது விடுங்கள். நோய் நின்றபின்னும் 48 மணி நேரம் நோயாளி சமைக்கக் கூடாது. எழுந்து நடந்தவுடன் அடுப்படிக்குப் போகும் அம்மாக்களுக்கே இதைச் சொல்கிறேன். அம்மம்மாவுக்கு, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிக் கரைசலை அடிக்கடி பருக்குங்கள். சிறுநீர் குறைந்தாலோ, அயர்ந்து கிடந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.