நாலு இடத்தில் விலை கேட்டிருக்கலாமே!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் என்.பி.ஏ., அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக், அதிலும் ஒரே ஆளைப் பற்றி: லூகா டோன்சிச். 2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு அந்தோணி டேவிஸை வாங்கிக்கொண்டது. அந்த எரிச்சல் இன்னும் யாருக்கும் அடங்கவில்லை போல. சரி, மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதைப் பேசித் தீர்த்துவிடுவோம்.

கேள்வி: நான் என்.பி.ஏ. பார்க்க ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்த ட்ரேடில் யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள்? அதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?

டல்லாஸ் கொடுத்தது லூகா, மாக்ஸி க்ளீபர், மார்கீஃப் மாரிஸ். வாங்கியது டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி, அப்புறம் லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களைப் பங்குபோடும் டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்றே ஒன்று. சம்பளக் கணக்கு நேராவதற்காக யூட்டா ஜாஸ் நடுவில் வந்து, ஜேலன் ஹூட்-ஷிஃபினோவையும் இரண்டாம் சுற்று பிக் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.

கூச்சலுக்குக் காரணம் வயது. அன்று லூகாவுக்கு 25, டேவிஸுக்கு 31. லூகா ஐந்து சீசன் தொடர்ந்து ஆல்-என்.பி.ஏ. முதல் அணியில் (சீசனின் சிறந்த ஐந்து பேர் பட்டியல்) இடம் பிடித்தவர், 2023-24இல் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து லீகிலேயே முதலாவதாக வந்தவர், எட்டு மாதம் முன்புதான் அந்த அணியை ஃபைனல்ஸ் வரை கூட்டிக்கொண்டு போனவர். இப்படி ஒருவரை, அதுவும் அவர் 'போகிறேன்' என்று கேட்காதபோது, எந்த அணியும் விற்காது. செய்தியை முதலில் வெளியிட்ட நிருபர் ஷம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதோடு விட்டேனா, நண்பர்கள் குழுவில் 'இதையெல்லாம் நம்பாதீர்கள்' என்று பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை வேறு சொன்னேன். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கேள்வி: டிஃபன்ஸ்தான் பட்டம் வாங்கித் தரும் என்று ஜெனரல் மேனேஜர் நிக்கோ ஹாரிசன் சொன்னதில் என்ன தப்பு? லூகா தடுத்து ஆட மாட்டார், உடம்பைக் கவனிக்க மாட்டார், ட்ரேட் நடந்தபோது கெண்டைக்கால் காயத்தோடு உட்கார்ந்திருந்தார். லூகா ரசிகராக இல்லாமல் பதில் சொல்லுங்கள்.

முயற்சி செய்கிறேன். நீங்கள் சொன்ன குறைகள் எதுவும் பொய்யில்லை. 2024 ஃபைனல்ஸில் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைத் தேடித் தேடித்தான் பந்தை எடுத்துப் போனார்கள், மூன்றாவது ஆட்டத்தில் கடைசி நாலு நிமிடம் இருக்கும்போது ஆறாவது ஃபவுல் வாங்கி பெஞ்சில் போய் உட்கார்ந்தார், தொடரும் 4-1 என்று போயிற்று. டேவிஸ் மட்டமான ஆளும் இல்லை; 2020இல் லேக்கர்ஸ் பட்டம் வாங்கியதில் பாதி வேலை அவருடையது, கூடைக்குக் கீழே அவர் நின்றால் எதிராளி இரண்டு முறை யோசிப்பான்.

ஆனால் அந்த ஃபைனல்ஸுக்கு டல்லாஸ் எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? மேற்கு மண்டல இறுதித் தொடர், மின்னசோட்டாவுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம், டல்லாஸ் 2 புள்ளி பின்தங்கியிருக்கிறது, கடைசி சில விநாடிகள். லூகாவுக்கு எதிரே நிற்பவர் ரூடி கோபேர். அந்த ஆண்டின் சிறந்த டிஃபன்ஸ் வீரர் விருதை நாலாவது முறையாக வாங்கியவர், ஏழடி உயரம். லூகா பந்தைத் தட்டித் தட்டி ஆட்டம் காட்டி, சட்டென்று ஒரு எட்டு பின்னால் வைத்து, அவர் தலைக்கு மேலே மூன்று புள்ளி ஷாட் போட்டார். 109-108. லீகின் முதல்தரமான டிஃபன்ஸ் கையைத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றது. தடுப்பு பட்டம் வாங்கித் தரும், சரிதான். அதைக் கட்டிக்கொடுக்க டெரிக் லைவ்லி, டேனியல் காஃபர்ட், பி.ஜே. வாஷிங்டன் என்று ஆட்களைச் சேர்த்து, லூகாவின் குறை வெளியே தெரியாதபடி ஓர் அணியை உருவாக்கியதே இதே ஹாரிசன்தான் என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம். நல்ல வீட்டைக் கட்டிவிட்டு நடுத்தூணை உருவினால் எப்படி?

கேள்வி: விற்றதே தப்பா, விற்ற விதம் தப்பா? ஒரே வரியில் சொல்லவும்.

விற்ற விதம். ஒரே வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன், ஆனால் என்னால் அதோடு நிறுத்த முடியாது.

எந்த வீரரையும் விற்கலாம் என்பது என் கட்சி. உரிமையாளருக்கு அவரைப் பிடிக்கவில்லை, கோச்சுக்குச் சலித்துவிட்டது, எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் ஒரு பழைய பைக்கை விற்பவர்கூட நாலு பேரிடம் விலை கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ஹாரிசனும் லேக்கர்ஸின் ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்காவும் பழைய நண்பர்கள். டல்லாஸில் ஒரு காபியோடு ஆரம்பித்த பேச்சு வெளியே கசியாமல் சில வாரம் நடந்தது. மற்ற அணிகளுக்கு லூகா விலைக்கு வருகிறார் என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வெளியில் எங்கேயும் தேட வேண்டாம். அந்த கோபேரையே யூட்டா 2022இல் மின்னசோட்டாவுக்கு விற்றபோது நாலு முதல் சுற்று பிக், பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒன்று, ஐந்து ஆட்கள் என்று வாரிக்கொண்டது. 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸ், ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகாத மிக்கேல் பிரிட்ஜஸுக்கு ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்தது. கோபேர் தலைக்கு மேல் ஷாட் போட்டவருக்கு ஒன்று! லேக்கர்ஸ் கையில் 2031 பிக்கும் இருந்தது, ஆஸ்டின் ரீவ்ஸ் இருந்தார். அதைக்கூடப் பிடுங்கவில்லை.

அவசரமாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. லூகாவின் கான்ட்ராக்ட் 2025-26 முடிய உறுதி, அதற்கு மேல் ஒரு வருடம் அவர் இஷ்டம். ட்ரேட் கெடு பிப்ரவரி 6, அதற்கும் ஐந்து நாள் முன்பே முடித்துவிட்டார்கள். கோடை வரை காத்திருந்து மற்ற இருபத்தொன்பது அணிகளையும் வரிசையில் நிற்க வைத்திருக்கலாம். விஷயம் வெளியே கசிந்தால் ரசிகர்கள் விடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் இத்தனை ரகசியம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பயமே அவர்களுக்கு ஒரு பதிலைச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: சூப்பர்மேக்ஸ் கொடுக்க மனமில்லாமல்தான் தள்ளிவிட்டார்கள் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

சொந்த அணியிலேயே நிலைத்து, ஆல்-என்.பி.ஏ. மாதிரி தகுதிகளும் பெற்ற வீரருக்கு, அணியின் சம்பள வரம்பில் 35 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது விதி. லூகாவுக்கு 2025 கோடையில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 34.5 கோடி டாலர் கிடைத்திருக்கும். வேறு அணிக்குப் போனவுடன் அந்தத் தகுதி போய்விட்டது. ஆகஸ்டில் லேக்கர்ஸோடு அவர் போட்டது மூன்று வருடத்துக்கு 16.5 கோடி டாலர். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, கலிஃபோர்னியாவில் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீரருக்குத்தான் முதல் நஷ்டம். 'விசுவாசமே இல்லாத ஆட்டக்காரர்கள்' என்று பேசுகிற உரிமையாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அணி பக்கம் பார்த்தால், இடுப்பில் சதை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அத்தனை பணமா என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் அடிக்கடி காயம்படும் ஒருவரை அடிக்கடி காயம்படும் இன்னொருவருக்கு, அதுவும் ஆறு வயது மூத்தவருக்கு மாற்றினால் தயக்கம் எப்படித் தீரும்? பிப்ரவரி 8, டேவிஸ் டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டம். 26 புள்ளி, 16 ரீபவுண்ட், பிரமாதம். மூன்றாவது குவார்ட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வர ஆறு வாரம். நடுவில் மார்ச் 3 அன்று கைரி அர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அது யாருடைய தப்பும் இல்லை, அதை ஹாரிசன் கணக்கில் எழுத மாட்டேன்.

கேள்வி: 2004இல் லேக்கர்ஸ் ஷக்கீல் ஓ'நீலையே விற்றது. அப்போதும் எல்லோரும் திட்டினார்கள். பிறகு 2009, 2010 பட்டம் வாங்கவில்லையா? டல்லாஸுக்கும் பொறுமையாக இருங்கள்.

நல்ல உதாரணம், ஆனால் அது உங்கள் கட்சிக்கு உதவாது. ஷக்குக்கு அப்போது 32 வயது. அவரை விற்று அவர்கள் வைத்துக்கொண்டது 25 வயது கோபி பிரையன்ட்டை. டல்லாஸ் செய்தது தலைகீழ்: 25ஐக் கொடுத்து 31ஐ வாங்கியது.

சங்கிலியையும் பாருங்கள், எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஷக்கை வாங்கிக்கொண்டு மயாமி கொடுத்தவர்கள் லமார் ஓடம், கேரன் பட்லர், பிரையன் கிராண்ட், கூடவே ஒரு பிக். லேக்கர்ஸ் அந்த பட்லரைக் கொடுத்து குவாமி பிரவுனை வாங்கினார்கள், ஊரே சிரித்தது. 2008இல் அதே குவாமியைச் சம்பளக் கணக்குக்குப் பயன்படுத்தி பாவ் கசோலைப் பிடித்தார்கள். ஓடமும் கசோலும் கோபி பக்கத்தில் நின்று இரண்டு பட்டம். ஷக்கும் 2006இல் மயாமிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார், தோற்றது யார் தெரியுமா? டல்லாஸ்தான், முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு.

கேள்வி: அந்த டல்லாஸ் தோல்விக்குப் பிறகு அணியின் நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கியையும் விற்கச் சொன்னார்களா?

அடுத்த வருடம் இன்னும் மோசம். 2007இல் 67 ஆட்டம் ஜெயித்து, டிர்க் எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) விருதும் வாங்கி, முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். 'மென்மையான ஆள், தடுத்து ஆடத் தெரியாது, இவரை வைத்துக்கொண்டு பட்டம் கிடைக்காது' என்ற பேச்சு அப்போதும் இருந்தது. கேட்ட மாதிரி இருக்கிறதா? விற்கவில்லை. 2011இல், 32 வயதில், பட்டம். மொத்தம் 21 சீசன் அதே அணி.

இன்னொன்று. 1998இல் டிர்க்கை டிராஃப்டில் எடுத்தது மில்வாக்கி, அன்றே டல்லாஸுக்குக் கைமாற்றிவிட்டது. 2018இல் லூகாவை எடுத்தது அட்லாண்டா, ட்ரே யங்குக்காகவும் ஒரு பிக்குக்காகவும் கைமாற்றிவிட்டது. இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை அடுத்தவர் கைவிட்டதை வைத்து வாழ்ந்த அணி இது. ட்ரேட் நடந்த மறுநாள் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே டிர்க் சிலை முன்னால் சவப்பெட்டியும் பூவுமாகக் கூடினார்கள். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: கடைசியில் 2025 டிராஃப்டின் முதல் பிக்கில் கூப்பர் ஃபிளாக் கிடைத்தாரே! லூகா போயிருக்காவிட்டால் ஃபிளாக் ஏது? ஆக ஹாரிசன் ஜெயித்துவிட்டார்.

சிகரெட் வாங்கப் போன இடத்தில் லாட்டரி அடித்தால் புகைப்பது உடம்புக்கு நல்லது என்று ஆகுமா?

டல்லாஸ் அந்த சீசனை 39 வெற்றி, 43 தோல்வி என்று முடித்து, பிளே-ஆஃபுக்குள் நுழையக் கடைசி வாய்ப்பான பிளே-இன் ஆட்டத்தில் மெம்ஃபிஸிடம் தோற்று வெளியேறியது. அதனால்தான், பிளே-ஆஃபுக்கு வராத அணிகளுக்கு டிராஃப்ட் வரிசையைக் குலுக்கிப் போடும் லாட்டரியிலேயே இடம் கிடைத்தது, முதல் பிக் வர வாய்ப்பு 1.8 சதவீதம், அது விழுந்தது. 'இப்போதே ஜெயிக்கத்தான் இந்த ட்ரேட்' என்று சொன்னவரின் திட்டம் தோற்றதால் கிடைத்த பரிசு அது. ஃபிளாக்கைப் பார்த்து சந்தோஷப்படுங்கள், நானும் படுகிறேன், பையனிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் முடிவு எடுத்த அன்று கையில் என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் முடிவை எடைபோட முடியும், பின்னால் சீட்டு விழுந்ததை வைத்து அல்ல. இதை நான் எதிர்ப்பக்கத்துக்கும் சொல்வேன்: அந்த வருடம் லேக்கர்ஸ் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 4-1 என்று தோற்றதால் ட்ரேட் அவர்களுக்குத் தோல்வி என்று ஆகிவிடாது.

கேள்வி: ஹாரிசன் இப்போது?

2025 நவம்பர் 11 அன்று நீக்கிவிட்டார்கள். அணி அப்போது 3 வெற்றி, 8 தோல்வி. ஆனால் கையெழுத்துக்குத் தலையாட்டிய உரிமையாளர் தரப்பு அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கோஷம் போடுவதைக் காணோம்.

கேள்வி: லூகா டல்லாஸுக்குத் திரும்பி வந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்தீர்களா? அழுதீர்களா?

பார்த்தேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதாக இல்லை.

2025 ஏப்ரல் 9. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு டி-ஷர்ட், அதில் ஸ்லோவேனிய மொழியில் 'ஹ்வாலா ஸா வ்ஸே', எல்லாவற்றுக்கும் நன்றி என்று எழுதியிருந்தது. விளக்கை அணைத்து அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து பார்த்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் எழுந்து போய் 45 புள்ளி எடுத்தார், அதில் 31 முதல் பாதியிலேயே. சொந்த ஊர் அணி 97-112 என்று தோற்றுக்கொண்டிருக்கிறது, அரங்கம் முழுக்க எதிரணிக்காரருக்குக் கைதட்டுகிறது, நடுநடுவே 'நிக்கோவை நீக்கு' என்று கத்துகிறது. டல்லாஸ் சட்டையில் ஃப்ரீ த்ரோ போட நின்ற வீரர்களைப் பார்க்கத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. அவர்கள் யாரையும் விற்கவில்லை.