கேளுங்கள், சொல்கிறேன்: நாடி பிடித்தால் எரியும் பல்பு

கேள்வி: ஐயா, மல்டிமீடியா படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பெரியவர்களின் குரலையும் நாடித் துடிப்பையும் பதிவு செய்து, விளக்கும் ஒலியுமாகப் பழைய ஆயாக்கொட்டகையில் (வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) வைக்க ஆசை. 'இது கலையா, கம்ப்யூட்டர் வேலையா?' என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும்தான் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. நம்பாவிட்டால் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் செய்ததைக் காட்டுங்கள். மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வேலை செய்பவர். 2006-ல் ஒரு பழைய நெசவாலையில் வரிசை வரிசையாகக் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டார். பெயர் 'பல்ஸ் ரூம்'. கைப்பிடியைப் பிடித்தால் உங்கள் நாடிக்கு ஏற்ப ஒரு பல்பு மின்னும். கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு வரிசையில் முதலிடத்துக்குப் போகும். முன்னே வந்தவர்கள் ஆளுக்கு ஓர் இடம் தள்ளிப் போவார்கள், கடைசி ஆள் வெளியே.

பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி இதற்கு நேரெதிர். ஊர் ஊராக இதயத் துடிப்பைப் பதிவு செய்து, 2010-ல் ஜப்பானின் தெஷிமா தீவில் சேமித்து வைத்தார். அவர் 2021-ல் இறந்துவிட்டார். துடிப்புகள் அங்கேயே இருக்கின்றன.

கடந்து போவதா, காத்து வைப்பதா? இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒரு பாட்டி, 'நான் போனப்புறம் போடு' என்பார். இன்னொரு தாத்தா, 'கள்ளுக்கடைச் சண்டையை மட்டும் அழிச்சிடு' என்பார். இருவர் சொல்லும் நடக்க வேண்டும். குரலை வாங்கிக்கொண்டு போய் கோலாலம்பூரில் காட்சி வைத்துக் கைத்தட்டு வாங்கினால் அது கூட்டுப் படைப்பு ஆகாது, வசூல். (பதிவு செய்ய வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தே நம் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது.)

கருவி பெரிய விஷயமில்லை. அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சென்சார், அவ்வளவுதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் காய்த்துப்போன விரலில் அது சரியாகப் படிக்காமல் போகலாம். காது மடலில் மாட்டிப் பாருங்கள்.

உணர்ச்சி வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சாயங்காலம் மின்சார இஞ்சின் போட்டால்தான் விளக்கு. இரவு நிறுத்துவதற்கு முன் வெளிச்சம் ஒருமுறை மங்கி எழும். அதைக் கண்டதும் அம்மா பாயை உதறி விரிப்பார், அப்பா பீடியைத் தேடுவார். உங்கள் பல்பை அப்படி மங்கவிடுங்கள். மைக்கை நீட்டிக் கேட்க வேண்டியதே இல்லை, பெரியவர்கள் தாங்களாகவே ஆரம்பித்துவிடுவார்கள்.

செலவுக்கு ஒரே ஆளிடம் போகாதீர்கள். காசு கொடுத்தவர் பெயர்தான் வாசலில் பெரிதாக இருக்கும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். பல்பு வாங்க முடியாதா?

அப்புறம், சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் யார் வீட்டுக்கும் போய்விடாதீர்கள். பேட்டி கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும்.