பதினாறு சார்ட்டையும் எப்படி ஒதுங்க வைப்பது?

கேள்வி: ரப்பர் ஷீட் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் ஆமிபுரோக்கர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பங்கு விலைச் சார்ட் பார்ப்பேன். பதினாறு சார்ட் திறந்து கிடக்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டியது கையில் சிக்குவதில்லை. வகைவகையாகப் பிரித்து வைக்க முடியுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: முடியும். அந்த மென்பொருளில் இதற்கு லேஅவுட் என்று பெயர். சார்ட்களை வேண்டியபடி அடுக்கிவிட்டு, லேஅவுட்ஸ் பகுதியில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். லோக்கலில் வைத்தால் அந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் வரும். குளோபலில் வைத்தால் எல்லாவற்றிலும் வரும். தினசரி விலைக்கு ஒன்று, நிமிடக் கணக்குக்கு ஒன்று என்று டேட்டாபேஸ் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பங்குக்கு ஒரு லேஅவுட் என்று போட்டுவிடாதீர்கள். ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த கழிவு ரப்பர்) நீங்கள் ஒரே குவியலில் போட மாட்டீர்கள் அல்லவா? இங்கே பிரிக்க வேண்டியது நேரத்தையும் வேலையையும்தான்.

நாகர்கோவிலில் என் மேசையில் இரண்டே லேஅவுட். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திறப்பது ஒன்று: வாரச் சார்ட், பக்கத்தில் தினச் சார்ட். இரண்டிலும் இருக்கும் 'எஸ்' பட்டனில் ஒரே நிறம் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் பங்கை மாற்றினால் மற்றதும் கூடவே மாறும். இதைச் செய்யாமல் விட்ட காலத்தில், ஒரு வங்கியின் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வங்கிப் பங்குக்கு ஸ்டாப்லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தாண்டாமல் விற்றுவிடச் சொல்லும் விலை) போட்டேன். அன்று போன பணத்தைவிட, அடுத்த ஒரு வாரம் எந்தச் சார்ட்டையும் நம்ப முடியாமல் போனதுதான் பெரிய வலி. அதனால் நிறம் கொடுப்பதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இரண்டாவது, சந்தை நேரத்துக்கு. இதில் ஒரு மணி நேர மெழுகுவர்த்தி, அதாவது ஒரு மணி நேர விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டை, எனக்குப் பிடிக்காது. காலை 9.15க்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடியும் சந்தையில் மொத்தம் 375 நிமிடம். கடைசி மெழுகுவர்த்திக்கு 15 நிமிடம்தான் மிஞ்சும். 75 நிமிடம் என்று வைத்தால் சரியாக ஐந்து. அதற்குப் பக்கத்தில் 15 நிமிடச் சார்ட். நாளுக்கு 25 வரும். கடையில் ஷீட் எடை போடும் நடுவே பார்க்க இந்த இரண்டு ஜன்னல் போதும்.

அப்புறம், மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேஅவுட்டை மாற்றினால் உடனே சேமியுங்கள்.