டைல்ஸை உடைக்க முன் ஸ்பவுட்டைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஐந்து மாடித் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பாத்டப்புக்குப் பதினைந்து வயதாகிறது. டப்புக்குள் தண்ணீர் விழும் குழாய்வாயான ஸ்பவுட்டின் குமிழை இழுத்து ஷவரைத் திறந்தால் பாதித் தண்ணீர் கீழேயே கொட்டுகிறது. அதே சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், பெயின்ட் பொங்கி உரிகிறது. வந்து பார்த்த பிளம்பிங் பாஸ் டைல்ஸை உடைத்து மிக்சரையும் குழாயையும் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார். ரொறொன்ரோவில் இருந்து வந்த தம்பி புது ஸ்பவுட் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறான். அதை நாங்களே பூட்டலாமா?

பதில்: ஸ்பவுட்டை நீங்களே மாற்றலாம். ஆனால் தம்பி கொண்டுவந்தது சரிவராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் பாஸின் யோசனையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்றில்லை, கடைசியில் அதுவும் தேவைப்படலாம். அதற்காக ஒரு மணித்தியால வேலையைச் செய்து பாராமல் டைல்ஸில் உளி வைப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மிக்சரில் கலந்த தண்ணீர் இரண்டு வழியாகப் பிரிகிறது: ஒன்று கீழே ஸ்பவுட்டுக்கு, மற்றது மேலே ஷவருக்கு. கீழே வாய் திறந்திருக்கும்வரை தண்ணீர் மேலே ஏறாது. குமிழை இழுக்கும்போது ஸ்பவுட்டுக்குள் ஒரு சிறு தகடு எழுந்து அந்த வாயை அடைக்கிறது. போக்கிடம் இல்லாத தண்ணீர் அப்போதுதான் மேலே ஏறுகிறது. தகட்டோடு இருக்கும் ரப்பர் வாஷர் வருடக்கணக்கில் சுடுதண்ணீர் பட்டு இறுகிவிட்டால் அடைப்பு அரைகுறையாகிவிடும். கீழே கொட்டுவதற்கு அநேகமாக இதுதான் காரணம். மிக்சர் இதில் நிரபராதி.

பெயின்ட் உரிவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். டப்பை நிரப்பும்போது ஸ்பவுட்டின் வாய் திறந்திருப்பதால் அதன் பின்னால் சுவருக்குள் இருக்கும் மூட்டில் அழுத்தம் பெரிதாக இல்லை. ஷவரைத் திறந்ததும் நிலைமை மாறுகிறது. மேலே ஏறி நிற்கும் தண்ணீரின் பாரம் முழுவதும் அந்த மூட்டை அழுத்துகிறது. அங்கே கசிவைத் தடுக்க மரையில் சுற்றிய டேப் பழசாகியிருந்தால் ஒவ்வொரு குளிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் இறங்கும். இதை இப்போதே சோதிக்கலாம். ஸ்பவுட் சுவரைத் தொடும் இடத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைத் திரித்துச் செருகிவிட்டு, ஷவரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சுவரோரம் இருக்கும் பக்கம் நனைந்திருந்தால் மூட்டில்தான் கசிவு.

செலவு செய்ய முன் இன்னும் இரண்டு விஷயம். நீர்வெட்டு முடிந்து தண்ணீர் திரும்ப வரும்போது முதல் சில நிமிடம் கலங்கலாக, மண்துகளோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு துகள் தகட்டில் சிக்கினாலும் இதே கோளாறு வரும். ஷவரை ஓடவிட்டுக் குமிழைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சில வேளை அதோடு சரியாகிவிடும். (யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற வீடென்றால் சுண்ணாம்புப் படிவைச் சந்தேகித்து வினாகிரியில் ஊறப் போடச் சொல்லியிருப்பேன். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு.) மற்றது அழுத்தம். இழுத்த குமிழை மேலே பிடித்து வைத்திருப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். கூரையில் உள்ள தாங்கி உங்கள் ஷவரில் இருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், மூன்று மீட்டர் என்றால் 0.3 பார்தான். ஐந்தாம் மாடிக்காரருக்குக் குமிழ் தானாக விழுந்தால் எத்தனை ஸ்பவுட் மாற்றினாலும் விழத்தான் செய்யும். நீங்கள் மூன்றாம் மாடி, அந்தக் கவலை வேண்டாம்.

கசிவு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஷவர் ஓடும்போது ஸ்பவுட்டுக்குக் கீழே ஒரு நிமிடம் ஜக்கைப் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லீட்டர் என்றால் நாலு பேர் தலைக்குப் பத்து நிமிடம் குளிக்கும் வீட்டில் நாளுக்கு 40 லீட்டர், மாதத்துக்கு 1,200 லீட்டர். தண்ணீர் பில்லில் ஓர் அலகு 1,000 லீட்டர். அதில் பாதி சுடுதண்ணீர் என்றால் மின்சார பில்லிலும் அது நிற்கும். சொட்டுச் சொட்டாக விழுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, புது ஸ்பவுட்டிலும் நாலு சொட்டு விழும்.

இனித் தம்பியின் ஸ்பவுட். வட அமெரிக்காவில் இரண்டு வகை அதிகம். ஒன்று செப்புக் குழாயில் வழுக்கிச் செருகி, அடியில் சிறு திருகாணியை அலன் கீயால் முறுக்குவது. அங்கே அரை அங்குலச் செப்புக் குழாய் என்பதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 15.9 மி.மீ. நம் சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அரை அங்குல நிப்பிளோ (இரு முனையிலும் மரை உள்ள குட்டைக் குழாய்) ஏறத்தாழ 21 மி.மீ. உள்ளே போகவே போகாது. அதனால் ஆபத்தும் இல்லை. ஆபத்து இரண்டாவது வகையில், மரையால் திருகி ஏற்றுவதில்தான் இருக்கிறது. அதுவும் அரை அங்குலம், அதற்கும் அங்குலத்துக்கு 14 மரை, நம்முடையதற்கும் 14 மரை. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். ஆனால் அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை, நாம் பாவிக்கும் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அதோடு அமெரிக்க மரை நுனிப்பக்கம் ஒடுங்கும். மூன்றாம் சுற்றில் இறுகும், நாம் ‘சரி, பூட்டியாச்சு’ என்று விட்டுவிடுவோம், ஷவரைத் திறந்ததும் கசியும். இன்னும் முறுக்கினால் சுவருக்குள் இருப்பது வெடிக்கும். பெட்டியில் இடம்பிடித்து, இவ்வளவு தூரம் தூக்கி வந்த பொருளை வேண்டாம் என்று சொல்ல மனம் வராதுதான். சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? பழையதைக் கழற்றிச் சொப்பிங் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போவதுதான் நல்ல வழி. காலி வீதி ஹார்ட்வெயார் கடைகளிலேயே கிடைக்கும். விதம் விதமாகப் பார்க்க வேண்டும் என்றால் பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் ஒரு நடை போகலாம். குமிழ் உள்ள ஸ்பவுட்டைக் கேட்டு வாங்குங்கள். குமிழ் இல்லாததைப் பூட்டினால் ஷவருக்குத் தண்ணீரே போகாது. பித்தளைதானா என்று கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினால் தலையாட்டிவிட்டு மரைக்குள் எட்டிப் பாருங்கள். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, மலிவான நாகக் (சிங்க்) கலவையிலும் ஒட்டாது. உள்ளே மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறம் என்றால் நாகம். கடல் காற்று அடிக்கிற வெள்ளவத்தையில் நாகத்தின் மேல் பூசிய குரோமியம் சீக்கிரமே கொப்பளித்துப் புள்ளி விழும்.

வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிறு, போயா வேண்டாம். பாதியில் ஒரு நிப்பிள் தேவைப்பட்டால் திறந்த கடை தேடி அலைய வேண்டிவரும். ஸ்பவுட் மிக்சருக்கு அப்பால் இருப்பதால் மிக்சரை மூடினாலே போதும். ஆனாலும் வீட்டு வால்வையும் மூடிவிடுங்கள், அது உண்மையிலேயே மூடுகிறதா என்று வேறொரு பைப்பைத் திறந்து பாருங்கள். பதினைந்து வருடமாகத் தொடாத வால்வை நம்பக் கூடாது. டப்பின் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, அடியில் பழைய துவாய் விரியுங்கள். கைதவறி விழும் குறடு அக்ரிலிக்கில் வைக்கும் வடு ஆயுளுக்கும் போகாது.

ஸ்பவுட்டின் அடிப்பக்கம், சுவரை ஒட்டினாற்போல், விரலால் தடவுங்கள். சிறு துளை தட்டுப்பட்டால் உள்ளே திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி முன்னால் இழுத்தால் வந்துவிடும். துளை இல்லையென்றால் மரை வகை. கொழும்பு வீடுகளில் நான் கழற்றியதில் பெரும்பாலானவை இதுதான். சுற்றியிருக்கும் சிலிக்கனை பிளேட்டால் வெட்டி எடுத்துவிட்டு, ஸ்பவுட்டில் துணி சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து இடப்புறமாகத் திருப்புங்கள்.

அசையவில்லையா? இங்கேதான் நிதானம் தேவை. ஸ்பவுட்டின் வாய்க்குள் ஸ்க்ரூ டிரைவரின் பிடியைச் செருகி நெம்புவது உலகம் முழுக்கச் செய்கிற வேலை. நானும் செய்தேன், கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஸ்பவுட் சுழன்றது, எனக்குச் சந்தோஷம். கையில் வந்ததைப் பார்த்தால் நிப்பிளின் நுனியில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்குள் நிப்பிள் திருகி ஏறியிருந்த பிவிசி சொக்கட்டின் உள்மரை அது. பிறகு டைல்ஸ் நாலை உடைத்து, அதே நிறம் தேடி மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் வேறு நிறத்தில் ஒட்டினோம். பெரியம்மா கடைசிவரை அந்த நாலு டைல்ஸையும் விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே நெம்ப வேண்டாம். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஸ்பவுட்டில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள், அப்புறம் பட்டி ரென்ச்சால் (பட்டியைச் சுற்றி இறுக்கித் திருப்பும் கருவி) மெல்லத் திருப்புங்கள். திருப்பும்போது சுவரோரம் ஒரு கண் இருக்கட்டும். டைல்ஸ் அசைந்தாலோ சுவருக்குள் நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு பாஸைக் கூப்பிடுங்கள். ஸ்பவுட்டோடு நிப்பிளும் சேர்ந்து வந்தால் பயப்படாதீர்கள், புது நிப்பிள் போடலாம்.

கழற்றியதும் போன் டோர்ச்சை அடித்துச் சுவருக்குள் பாருங்கள். மஞ்சளாக உலோக மரை தெரிந்தால் பெரிய நிம்மதி. வெறும் பிளாஸ்டிக் மரை என்றால் இனி எல்லாம் கையளவு பலத்தோடுதான். பழைய பல் துலக்கும் பிரஷால் மரையைச் சுத்தம் செய்து பழைய டேப்பை ஒரு நார் விடாமல் எடுங்கள்.

அடுத்தது அளவு. எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான். டைல்ஸ் முகத்தில் இருந்து நிப்பிள் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். புது ஸ்பவுட்டின் பின்விளிம்பில் இருந்து மரை எவ்வளவு உள்ளே தொடங்குகிறது என்பதையும் அளந்து பாருங்கள். மரை 20 மி.மீ. உள்ளே தொடங்கி, நிப்பிள் 25 மி.மீ. மட்டுமே நீட்டி நின்றால், பிடிப்பதற்கு மிஞ்சுவது 5 மி.மீ. அது போதாது. நாலைந்து சுற்றாவது ஏற வேண்டும். நிப்பிள் கூட நீளமென்றால் ஸ்பவுட் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இரண்டுக்கும் மருந்து சரியான நீள நிப்பிள்தான், சிலிக்கனை அப்பி மறைப்பது அல்ல.

டேப்பை மரையின் நுனியை உங்கள் பக்கம் வைத்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் ஏழெட்டுச் சுற்று. சுவருக்குள் போகும் முனைக்குப் பிளாஸ்டிக் மரை என்றால் அதற்கு மேல் வேண்டாம். தடித்தால் சொக்கட் பிளந்துவிடும். பழைய பாஸ்மார் சணலும் பெயின்டும் வைத்து முறுக்குவார்கள். இரும்புக் குழாய்க்கு அது அருமையான வேலை. பிவிசிக்குள் சணல் ஊறிப் பருத்தால் வெடிப்புத்தான்.

ஸ்பவுட்டைக் கையால் ஏற்றி, கடைசி முக்கால் சுற்றை மட்டும் துணி சுற்றி முறுக்குங்கள். வாய் நேராகக் கீழே பார்க்க வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பி நேராக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பின்னோக்கித் திருப்பிய டேப் பிடி விட்டுவிடும். முழுதாகக் கழற்றி, புது டேப்பை ஒரு சுற்றுக் கூட்டியோ குறைத்தோ மறுபடி ஏற்றுங்கள். எனக்கும் அநேகமாக இரண்டாம் தடவைதான் சரியாக நிற்கும்.

சிலிக்கனுக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் பழைய டிஷ்யூ சோதனை, குமிழை இழுத்து ஷவர் ஓடும் நிலையில். குமிழை விட்டுவிட்டு டப்பில் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்து ‘கசிவில்லை’ என்று சொல்வது சோதனையே அல்ல. காகிதம் காய்ந்தபடியே இருந்தால் மேற்பக்கமும் இடம் வலம் இரு பக்கமும் சிலிக்கன் பூசுங்கள். அடியில் ஒரு விரல் அகலம் திறந்தே இருக்கட்டும். நாளைக்கு மூட்டுக் கசிந்தால் அந்தத் தண்ணீர் டப்புக்குள் விழும், உங்கள் கண்ணிலும் படும். சுற்றிவர அடைத்துவிட்டால் அது படுக்கையறைப் பக்கம்தான் போகும். பூசிய பிறகு ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

படுக்கையறைச் சுவரை உடனே பெயின்ட் அடிக்க வேண்டாம். ஈரம் பிடித்த சுவர் கொழும்புப் புழுக்கத்தில் காய வாரக்கணக்கு ஆகும். கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் கறை கோட்டைத் தாண்டவில்லை என்றால் ஸ்பவுட் மூட்டுத்தான் குற்றவாளி, விஷயம் முடிந்தது. தாண்டினால் டப்பின் விளிம்பில் பழைய சிலிக்கன் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் அநேகமாக ஷவருக்கு ஏறும் குழாயில் கசிவு. அப்போது பாஸைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டால் பாத்ரூம் பக்கத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைப் பக்கமாகச் சுவரைத் திறக்கச் சொல்லுங்கள். சீமெந்துப் பூச்சும் பெயின்ட்டும் எந்தக் கடையிலும் வாங்கலாம். பதினைந்து வருடத்துக்கு முந்திய டைல்ஸை எங்கே தேடுவது?