வாய் மட்டும் அசைகிறது என்கிறீர்கள்

கேள்வி: தியேட்டரில் பார்க்கும் அனிமேஷன் படங்களில் தலைமுடிகூட இழை இழையாக அசைகிறது. டிவி தொடர்களிலும் ஜப்பானிய அனிமேயிலும் ஆளைச் சிலை மாதிரி நிறுத்திவிட்டு வாயை மட்டும் ஆட்டுகிறார்கள். வீடியோ கேம்கள்கூட எவ்வளவோ தேவலை. 'எப்படியும் குழந்தைகள்தானே பார்க்கப்போகிறார்கள்' என்ற அலட்சியம்தானே காரணம்? என் பத்து வயது மகனுக்குக் காட்ட உருப்படியாக ஒன்று சொல்லுங்கள். எதுவானாலும் சரி, கார்ட்டூன்தானே!

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ஒரே சொல்தான். 'தானே'. மூன்று முறை வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு ஒரு புதுப்படம் வரைந்தால் நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் 720 போதும், மூன்று நிறுத்தினால் 480. தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஒன்றில் வரைவது', 'இரண்டில் வரைவது', 'மூன்றில் வரைவது' என்பார்கள். நீங்கள் புகழும் கையால் வரைந்த பெரிய படங்களிலும் ஏராளமான காட்சிகள் இரண்டில் வரைந்தவைதான். வேகமான ஓட்டம், கேமரா நகர்வு என்று வந்தால்தான் ஒன்றுக்குப் போவார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்கக்கூடாது என்றுதான் அவர்களும் வரைந்தார்கள்.

இனி அந்த 'அலட்சியம்'. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்று இரண்டு பேர். எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் 1940 முதல் டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களை எடுத்து, அந்த வரிசைக்கு ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்தவர்கள். அந்தப் படங்கள் தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடியவை. டிக்கெட் வாங்கி வந்த பெரியவர்கள்தான் சிரித்தார்கள். 1957-ல் ஸ்டூடியோ கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடிவிட, இருவரும் டிவிக்குப் போனார்கள். அங்கே காசும் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் வாராவாரம் சரக்கு வேண்டும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? கரடிக்கு டை கட்டினார்கள்.

யோகி கரடியை நினைவிருக்கிறதா? சட்டை இல்லை, ஆனால் கழுத்தில் காலரும் டையும் உண்டு. அது நாகரிகத்துக்காகப் போட்டதல்ல. தலையை ஒரு கண்ணாடித் தாளில் வரைவார்கள், உடம்பை இன்னொன்றில். இரண்டும் சேரும் இடம் கழுத்து. அந்த ஒட்டு தெரியாமல் காலர் மறைத்துவிடும். கரடி பேசும்போது தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும், உடம்பு அப்படியே கிடக்கும். அந்தக் காலத்துத் தொடர்களை எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பட்டையோ டையோ இல்லாத மிருகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. டாமும் ஜெர்ரியும் பேசுவது அபூர்வம், ஓடுவார்கள், அடிப்பார்கள். யோகி வாயை மூடமாட்டான். அசைவைக் குறைத்ததும் சிரிப்பு உடம்பிலிருந்து நாக்குக்கு இடம் மாறிவிட்டது. அதே ஆட்கள், அதே கைகள். மாறியது திரை. இதை அலட்சியம் என்றால், சமையற்கட்டு சின்னதானதால் வேறு சமையல் கற்றுக்கொண்டவரைச் சோம்பேறி என்கிற மாதிரி.

குழந்தைகள் விஷயம். இதே இருவர் 1960-ல் கொண்டுவந்த 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' அமெரிக்க டிவியில் இரவு நேரத்தில், குடும்பம் முழுக்க உட்காரும் நேரத்தில் ஓடியது. ஆரம்ப காலத்தில் அதற்கு விளம்பரதாரர் யார்? வின்ஸ்டன் சிகரெட். கதாநாயகனும் அவன் நண்பனும் வீட்டுக் கொல்லையில் சாய்ந்துகொண்டு புகைவிடும் விளம்பரமே உண்டு. அறுபதுகளின் நடுவில்தான் அங்கே கார்ட்டூன்களை மொத்தமாகச் சனிக்கிழமைக் காலைக்குத் தள்ளினார்கள். ஒரு தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்ததும், கார்ட்டூன் என்றாலே சிறுவர்களுக்கு என்று முடிவாகிவிட்டது. டிவிக்காரர்கள் போட்ட நேர அட்டவணையைக் கலையின் இலக்கணம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஜப்பானுக்கு வருவோம். 1963-ல் ஒசாமு தெசுகா வாரம் ஒரு அரைமணி நேரத் தொடராக 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கியபோது அவருக்கும் இதே நெருக்கடி. மூன்றில் வரைந்தார்கள், வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், முகத்தை அப்படியே நிறுத்திவைத்தார்கள். வாய்க்கு மூன்றே வடிவம்: மூடியது, பாதி, திறந்தது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் குரலை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டுக்கேட்டு உதட்டை வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் படம் முதலில், குரல் பிறகு. உதடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்ற கட்டாயமே அங்கே இல்லை. நீங்கள் பிழை என்று பார்ப்பது அவர்கள் வேலைசெய்யும் வரிசை.

சோம்பேறித்தனமே இல்லை என்று சாதிக்கமாட்டேன். பின்னால் இருபது பேர் மெழுகுபொம்மையாக நிற்க, முன்னால் ஒரு வாய் மட்டும் திறந்து மூடுகிறதா? அது பட்ஜெட். ஒருத்தி கெட்ட செய்தி கேட்டு அப்படியே நிற்கிறாள், ஜன்னல் திரை மட்டும் லேசாக ஆடுகிறதா? அது முடிவெடுத்து நிறுத்தியது. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

கேம் 'தேவலை' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சினிமாவில் ஒருவன் குதிக்குமுன் முழங்காலை மடக்கிக் குனிவான். அதற்கு எட்டு ஃப்ரேம் என்று வையுங்கள், நொடியில் மூன்றில் ஒரு பங்கு. பார்வையாளனின் கண்ணைத் தயார் செய்ய அந்தக் குனிவு வேண்டும். கேமில் உங்கள் மகன் பட்டனை அழுத்துகிறான். மூன்றில் ஒரு நொடி கழித்து ஆள் குதித்தால் என்ன சொல்வான்? 'மாட்டிக்கிச்சு' என்பான். அதனால் நாயகனின் முன்தயாரிப்பை வெட்டி எறிந்துவிட்டு, குதித்து இறங்கிய பிறகுள்ள தள்ளாட்டத்தில் பாரத்தைக் காட்டுவார்கள். எதிரிக்கோ நேர் எதிர். கோடரியை ஓங்கிக்கொண்டு அவன் தேவைக்கு மேல் நேரம் எடுப்பான், உங்கள் மகன் விலகி ஓட அவகாசம் வேண்டுமே! ஒரே திரையில் இரண்டு பேர், இரண்டு விதமான அசைவு. ஒருவனை விரல் நடத்துகிறது, மற்றவனைக் கண் படிக்கிறது. சினிமாவின் அளவுகோல் இங்கே செல்லாது.

அசைவு வழுவழுப்பாக இருந்தால்தான் தரம் என்கிற உங்கள் வாதத்துக்கு எதிராக கேம்காரர்களே சாட்சி சொல்வார்கள். 2014-ல் வந்த 'கில்டி கியர்' வரிசை சண்டை விளையாட்டு முழுக்க முப்பரிமாண உருவங்களால் ஆனது. கம்ப்யூட்டரிடம் விட்டிருந்தால் இடைப்பட்ட அசைவையெல்லாம் அதுவே இட்டு நிரப்பியிருக்கும். வேண்டாம் என்று நிறுத்தி, நிலைக்கு நிலை தாவும்படி செய்தார்கள். கையால் வரைந்த அனிமே மாதிரி தெரிய வேண்டுமாம்.

சினிமாவும் சும்மா இல்லை. 2018-ல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் காட்டுக்குள் இருவர் வலைகட்டி ஆடிப் பறக்கும் காட்சி உண்டு. அனுபவசாலியை ஒன்றில் அசைத்தார்கள், கற்றுக்குட்டிப் பையனை இரண்டில். அவன் தடுமாறுவதை வசனம் சொல்லவில்லை, ஃப்ரேம் கணக்கு சொல்கிறது. பணத்துக்குப் பஞ்சமில்லாத படம் அது. ஆஸ்கரும் வாங்கியது.

நடுவில் ஒரு வீட்டுவேலை. உங்கள் டிவியின் செட்டிங்கில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கும். இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். வரைந்தவர் இரண்டு படங்களுக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளியில், டிவி தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகும். கையும் முகமும் களிமண் மாதிரி கரைந்து ஒட்டும். அதைப் பார்த்துவிட்டு அனிமே மோசம் என்று எழுதியிருந்தால், தவறான ஆளிடம் புகார் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் மகன். 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஜிப்ளி ஸ்டூடியோ இரண்டு படங்களை ஒரே காட்சியாகச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோடோரோ': அக்கா, தங்கை, ஆஸ்பத்திரியில் அம்மா, மரத்தடியில் தூங்கும் ஒரு பெரிய ரோமப் பிராணி. மற்றது இசாவோ தகாஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்': அண்ணன், தங்கை, போர், பசி. இரண்டிலும் நாயகர்கள் சிறுவர்கள்தான். இரண்டிலும் அவர்கள் உருண்டைக் கன்னத்தோடுதான் இருக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து எது யாருக்கு என்று சொல்ல முடியாது.

முதலாவதை மகனுக்குப் போடுங்கள், கூட உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். இரண்டாவதை அவன் தூங்கிய பிறகு நீங்கள் மட்டும் பாருங்கள். முடிந்ததும் 'கார்ட்டூன்தானே' என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.