வாசகர் கேள்வி, நிபுணர் பதில்: குறைந்த காந்தப்புல எம்.ஆர்.ஐ.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பது 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. உகாண்டாவில் 0.05 டெஸ்லாவில் ஒரு எந்திரத்தை அங்கேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதாகப் படித்தேன். முப்பதில் ஒரு பங்கு காந்தத்தில் என்ன தெரிந்துவிடும்?

எல்லாமும் தெரியாது. எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அங்கே முதல் தேவை, கைக்குழந்தைகளின் மூளைக்குள் நீர் தேங்கும் ஹைட்ரோகெஃபாலஸ் நோய். நோய்த்தொற்றுக்குப் பிறகு இது வருவது அந்த நாட்டில் அதிகம். நீர் அறைகள் எவ்வளவு வீங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வீங்கிய அறையின் அகலமோ சென்டிமீட்டர் கணக்கில். சி.டி.யிலும் இது தெரியும். ஆனால் தேங்கிய நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்த குழந்தையைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே கதிர் தலையில் இறங்கும்.

இழப்பையும் சொல்ல வேண்டும். உடலிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் கம்பிச் சுருளில் கிடைக்கும் மின்னழுத்தம் காந்தப்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. புலம் முப்பதில் ஒரு பங்கு என்றால் மின்னழுத்தம் 900-இல் ஒரு பங்கு. அதை ஈடுகட்டப் படத்தின் கட்டங்களைப் பெரிதாக்குகிறோம்: 1 மி.மீ. நுணுக்கத்துக்குப் பதில் 2 முதல் 5 மி.மீ. சிறு கட்டிகளும் மெல்லிய நரம்புகளும் இதில் தவறிப்போகும். அவற்றைத் தேடும் நோயாளியைப் பெரிய எந்திரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: திரவ ஹீலியம் இல்லாமல் இந்தக் காந்தத்தை எப்படிச் செய்கிறார்கள்?

ஹால்பாக் அமைப்பு: நிலைக்காந்தங்களைத் திசை மாற்றி வளையமாக அடுக்குவது. பெரிய எந்திரத்தின் மின்காந்தத்தைப் போல இதை ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டாம். நெதர்லாந்தின் லைடன், டெல்ஃப்ட், அமெரிக்காவின் பென் ஸ்டேட், உகாண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வளர்த்த வடிவத்தில் 12 மி.மீ. நியோடிமியம் காந்தக் கனசதுரங்கள் 2,948 இருக்கின்றன. அவை 23 வளையங்களில் உட்காரும். உள்துளை 27 செ.மீ., அதாவது ஒரு தலை நுழையும் அளவு. புலம் 50.4 மில்லிடெஸ்லா. வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் காந்தங்களின் திசை இரண்டு சுற்றுச் சுழன்றிருக்க வேண்டும். அப்போதுதான் புலம் உள்ளே குவிந்து, வெளியே ஏறக்குறைய இல்லாமல் போகும்.

வேலை காந்தங்களைத் தரம் பிரிப்பதில் தொடங்குகிறது. ஒரே பெட்டியில் வந்தவையும் வலிமையில் சிறிது வேறுபடும். ஒவ்வொன்றையும் அளந்து, திசைக்குப் புள்ளி வைத்த பிறகுதான் வளையத்தில் ஏற்ற வேண்டும். ஒன்றே ஒன்று தலைகீழாகப் போனாலும் அந்த இடத்தில் புலம் கோணும். 23 வளையங்களையும் பூட்டிய பின் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் வளையத்துக்கு வளையம் காஸ்மீட்டர் (புலத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளும், எம்பிக் குதிக்கும், விரல் நசுங்கும். மூடித்தகடு இறுகும்வரை கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் கட்டாயம்.

பிறகு வளைய இடைவெளிகளைச் சரிசெய்து, சிறு காந்தங்களால் புலத்தைச் சமன்படுத்துவார்கள். 20 செ.மீ. கோளத்துக்குள் வேறுபாடு பத்து லட்சத்தில் 13,000 பங்கிலிருந்து 2,400 பங்காக இறங்கியது. எம்பராராவில் பயிற்சியே இல்லாத ஆறு பேர், சொல்லிக்கொடுக்க நான்கு பேர்: பெட்டி வந்து இறங்கியதிலிருந்து முதல் படம் வரை சுமார் 11 நாட்கள். பூட்டியவருக்குக் கழற்றவும் தெரியும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். பழுதானால் வெளிநாட்டு எஞ்சினியருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் சிறிய மாதிரி ஒன்று செய்தோம். காலையில் 2.14 மெகாஹெர்ட்ஸில் நல்ல சிக்னல், மதியம் காணோம். சுருள் கெட்டுவிட்டதா?

சுருள் கெடவில்லை. காந்தம் சூடாகியிருக்கிறது. புலம் மாறினால் சிக்னலின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் மாறும். நியோடிமியத்தின் புலம் 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.12 சதவீதம் இறங்கும். உங்கள் அதிர்வெண்ணில் அது ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸ். காந்தம் 26 டிகிரியிலிருந்து 32-க்குப் போனால் 15 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். சுருளின் க்யூ மதிப்பு (ஒரே அதிர்வெண்ணை எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறது என்ற அளவு) 100 என்றால் அது கேட்கும் அகலமே 21 கிலோஹெர்ட்ஸ், நடுவிலிருந்து இருபுறமும் பத்து பத்துதான். சிக்னல் இருக்கிறது, நீங்கள் கேட்கும் இடத்தில் இல்லை.

ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்து, சுருளையும் அதற்கேற்ப ட்யூன் செய்யுங்கள். வளையத்தில் ஒரு வெப்ப உணரியை ஒட்டி, அளவைக் குறித்து வையுங்கள். கிரேடியன்ட் சுருள்களின் (சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய, புலத்தை இடத்துக்கு இடம் மாற்றுபவை) சூடு காந்தத்தில் ஏறாதபடி நடுவே காற்று இடைவெளி விடுங்கள். சமேரியம் கோபால்ட் என்ற இன்னொரு வகைக் காந்தம் இந்த விஷயத்தில் மூன்று மடங்கு நிதானமானது. ஆனால் விலை கூடுதல், எளிதில் உடையும்.

கேள்வி: படத்தின் குறுக்கே பளிச்சென்று கோடுகள் வருகின்றனவே?

வெளி இரைச்சல். முதலில் சுருளைக் கழற்றி, 50 ஓம் மின்தடையை மாட்டி இரைச்சலை அளவெடுங்கள். அடுத்து சுருளோடு. கடைசியாக, உள்ளே ஆளைப் படுக்கவைத்து. ஆள் படுத்ததும் பல மடங்கு ஏறினால், உடம்பே ஆன்டெனாவாக வேலை செய்கிறது: அலுமினியக் கவசத்துக்கு வெளியே நீட்டியிருக்கும் கால்களும் உடலும் இரைச்சலைப் பிடித்து உள்ளே கொண்டுவருகின்றன. மின்கடத்தும் துணியால் உடம்பைப் போர்த்தி, துணியைக் கவசத்தோடு இணையுங்கள். ஆள் இல்லாதபோதே அதிகம் என்றால் எல்.இ.டி. விளக்கு, யு.பி.எஸ்., லேப்டாப் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாம் அணைத்தும் நிற்கவில்லையா? கிரேடியன்ட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் கம்பிகளைச் சந்தேகப்படுங்கள். கவசத்துக்குள் நுழையும் இடத்திலேயே அவற்றுக்கு ஃபில்டர் வேண்டும்.

கேள்வி: புலம் குறைவு என்பதால் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் படுக்கலாமா?

கூடாது. பேஸ்மேக்கரின் காந்த உணரியை இயக்கிவிட 50 மில்லிடெஸ்லா தாராளம். கத்தரிக்கோல் பறக்காது என்பதால் சோதனையைத் தளர்த்தாதீர்கள். ஹைட்ரோகெஃபாலஸ் குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: வெளியிலிருந்து காந்தத்தால் அழுத்தம் மாற்றும் ஷன்ட் வால்வு என்றால், ஸ்கேன் முடிந்ததும் அதன் அளவைச் சரிபார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மங்கலான படத்தை ஏ.ஐ. தெளிவாக்கிவிடும் என்கிறார்களே?

ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 2024-இல் 0.05 டெஸ்லாவில், 1,800 வாட் மின்சாரத்தில், கவச அறையே இல்லாமல் முழு உடலையும் படமெடுத்துக் காட்டியது. அங்கே சுற்றியுள்ள இரைச்சலைத் தனிச் சுருள்கள் கேட்கின்றன, ஏ.ஐ. அதைக் கணித்துக் கழிக்கிறது. அளந்த இரைச்சலை நீக்கும் அந்த வேலையை நம்பலாம். அளக்காத நுணுக்கத்தை வரைந்து சேர்ப்பது வேறு வேலை. பயிற்சிப் படங்களில் பார்த்திராத நோய் வந்தால், அது அழகான, தவறான படத்தைத் தரக்கூடும். அதனால் ஏ.ஐ. தொடாத படத்தையும் டாக்டரின் திரையில் பக்கத்திலேயே வையுங்கள்.