முதலாளி பெயரில் வரும் மெசேஜ்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு, முதலாளி படம் வைத்த புது வாட்ஸ்அப் எண்ணிலிருந்து 'மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என்று வந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. ஊழியர்களை எப்படிப் பழக்குவது?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள். வருடத்துக்கு ஒரு வகுப்பு போதாது. அவ்வப்போது ஊழியர்களைச் சோதிக்க நீங்களே ஒரு போலி மெயில் அனுப்பிப் பாருங்கள், அதிலுள்ள லிங்கை க்ளிக் செய்தவரைத் திட்டாதீர்கள், திட்டினால் நிஜமாக ஏமாறும் நாளில் பயந்து மறைத்துவிடுவார், அதுதான் பெரிய ஆபத்து. அவசரம் என்றாலோ புது வங்கிக் கணக்கு என்றாலோ, பழைய எண்ணில் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் போகவேண்டும். அப்படிக் கேட்பதற்கு முதலாளியும் கோபப்படக்கூடாது. அப்புறம், 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பணம் போனதும் உடனே அழைத்தால் வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.